முதுகில் சுமக்கும் தண்ணீர்: மலைச் சைக்கிளோட்டத்துக்கு ஏற்ற பையைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

சிங்கப்பூரின் செஸ்ட்நட் இயற்கைப் பூங்காவில் உள்ள மலைச் சைக்கிள் தடம் ஏறத்தாழ 8 கிலோமீட்டர்தான். ஆனால் அந்த 8 கிலோமீட்டரில், ஒரு கையை எடுத்துக் குனிந்து, சைக்கிளின் சட்டத்தில் மாட்டியிருக்கும் பாட்டிலை உருவிக் குடித்துவிட்டு மீண்டும் செருகுவதற்குத் தோதான இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். வேரும் கல்லும் வளைவும் மாறி மாறி வந்துகொண்டே இருக்கும். மழை பெய்த மறுநாள் என்றால் பாட்டிலின் வாயில் சேறு அப்பியிருக்கும். அதைச் சட்டையில் துடைத்துவிட்டுத்தான் குடிக்க வேண்டும். முதுகில் மாட்டிக்கொண்டு குழாய் வழியாக உறிஞ்சிக் குடிக்கும் தண்ணீர்ப் பையை மலைச் சைக்கிள் ஓட்டுவோர் நாடுவதற்கு இதுவே முதற்காரணம்.

இந்த யோசனை பிறந்ததும் கடும் வெயிலில்தான். 1989இல் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் நடந்த 100 மைல் சைக்கிளோட்டத்தில் கலந்துகொண்ட மைக்கேல் எய்ட்சன் என்ற அவசர மருத்துவ உதவியாளர், நரம்பு வழியே மருந்தேற்றப் பயன்படும் பையில் தண்ணீரை நிரப்பி, அதை ஒரு நீளக் காலுறைக்குள் போட்டுச் சட்டையின் முதுகில் இணைத்துக்கொண்டு, குழாயைத் துணிக் கிளிப்பால் தோளில் பொருத்தி ஓட்டினார். கேமல்பேக் என்ற பெயரில் பின்னர் விற்பனைக்கு வந்தது அதன் வழித்தோன்றல்தான்.

நான் முதலில் வாங்கியது 3 லிட்டர் கொள்ளும் பெரிய பை. கடையில் கண்ணாடி முன் நிமிர்ந்து நின்று மாட்டிப் பார்த்தபோது அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது. அடுத்த சனிக்கிழமை புலாவ் உபின் தீவுக்குப் படகேறி, கெத்தாம் மலைச் சைக்கிள் பூங்காவின் முதல் செங்குத்தான இறக்கத்தில் உடலைப் பின்னுக்குத் தள்ளி இறங்கியபோது, பை முதுகில் வழுக்கி மேலேறித் தலைக்கவசத்தின் பின்விளிம்பை முட்டியது. கவசம் முன்னால் சரிந்து புருவத்தை மறைத்தது. பாதை தெரியாமல் சில நொடிகள் உருண்ட அந்த அனுபவம் ஒன்றைக் கற்றுக்கொடுத்தது: பை வசதியானதா இல்லையா என்பது நிமிர்ந்து நிற்கும்போது தெரியாது, குனிந்து ஓட்டும்போதுதான் தெரியும். அது பையின் குற்றமும் அன்று, விற்றவரின் குற்றமும் அன்று. நிமிர்ந்து நின்று வாங்கியவனின் குற்றம்.

ஆகவே கடைக்குப் போகுமுன் வீட்டிலேயே முடிவு செய்ய வேண்டிய கேள்வியிலிருந்து தொடங்குவோம். உங்களுக்கு எவ்வளவு தண்ணீர் தேவை? இதற்கு எடை பார்க்கும் கருவி ஒன்று போதும். ஓட்டத்துக்குப் புறப்படுமுன் உடலின் எடையைப் பாருங்கள்; திரும்பி வந்து, வியர்வையைத் துடைத்து, ஈர உடையைக் களைந்துவிட்டு மீண்டும் பாருங்கள். இடையில் கழிவறைக்குச் செல்லவில்லை என்றால், குறைந்திருக்கும் எடையோடு நீங்கள் குடித்த தண்ணீரின் அளவைக் கூட்டினால் வெளியேறிய வியர்வையின் அளவு கிடைக்கும். ஒரு கிலோ ஏறத்தாழ ஒரு லிட்டருக்குச் சமம். எடுத்துக்காட்டாக, ஒன்றரை மணி நேரத்தில் 700 மில்லிலிட்டர் குடித்தும் எடை 800 கிராம் குறைந்திருந்தால், மணிக்கு ஒரு லிட்டர் வியர்த்திருக்கிறது என்று பொருள். அவ்வளவையும் ஓட்டும்போதே ஈடுகட்ட வேண்டியதில்லை. தாகத்துக்கு மிஞ்சி வெறும் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருப்பது இரத்தத்தில் சோடியத்தின் அளவைக் குறைத்துத் தீங்கு விளைவிக்கும். ஆனால் இந்தக் கணக்கைச் செய்து பார்த்தவர்கள், பழக்கத்தின் பேரில் 3 லிட்டர் பையைத் தூக்க மாட்டார்கள். சிங்கப்பூரில் மிக உயரமான இயற்கைக் குன்றான புக்கித் தீமாவே 164 மீட்டருக்குள்தான் அடங்குகிறது. நாள் முழுவதும் ஏறிக்கொண்டே போகும் மலைப்பாதை இங்கு இல்லை. செஸ்ட்நட்டையும் புக்கித் தீமாவையும் ஒரே காலையில் சேர்த்து ஓட்டுவோருக்கும் 2 லிட்டர் உள்பை (பைக்குள் தண்ணீரைத் தாங்கும் பை) போதும் என்பது என் கருத்து. வேண்டாத ஒவ்வொரு லிட்டரும் முதுகில் ஒரு கிலோ. உபின் மட்டும் விலக்கு: படகுத்துறையை ஒட்டிய கடைகளில் பானமும் இளநீரும் கிடைக்கும் என்றாலும், கெத்தாம் பக்கம் போய்விட்டால் கையில் இருப்பதுதான் தண்ணீர், தீவில் நெடுங்காலமாகக் கிணற்று நீரை நம்பியே வாழ்ந்திருக்கிறார்கள். சாங்கியில் படகேறுமுன் உள்பையை நிரப்பிக்கொள்வதோடு, சட்டத்தில் ஒரு பாட்டிலையும் மாட்டிக்கொள்ளுங்கள்.

அளவு தெரிந்த பிறகு, முதுகுப் பையா இடுப்புப் பையா என்பதைத் தீர்மானிக்கலாம். ஒன்றரை லிட்டர் வரை கொள்ளும் உள்பையும் குழாயும் கொண்ட இடுப்புப் பைகள் இப்போது பரவலாகக் கிடைக்கின்றன. முதுகு முழுவதும் திறந்திருப்பதால் நம் வானிலைக்கு அவை பெரிய நிம்மதி; எடையும் இடுப்பிலேயே தங்கிவிடுவதால் வளைவுகளில் உடல் தள்ளாடாது. ஒன்றரை மணி நேரத்துக்குள் முடியும் ஓட்டத்துக்கு நான் அதைத்தான் பரிந்துரைப்பேன். ஆனால் முழுக்க நிரப்பினால் அது குலுங்கும். குலுங்காமல் இருக்க வாரை இறுக்கினால் வயிறு அழுந்தி மூச்சு வாங்குவது சிரமமாகும். தொப்பை உள்ளவர்களுக்கு வார் நழுவி வயிற்றுக்குக் கீழே இறங்கிவிடுவதும் உண்டு; இதை அனுபவத்தில்தான் சொல்கிறேன். ஒன்றரை லிட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டும் என்றாலோ, மழைச்சட்டை, மாற்று டியூப், முதலுதவிப் பொருள்கள் ஆகியவற்றையும் எடுத்துச் செல்ல வேண்டும் என்றாலோ முதுகுப் பைதான் சரி. அதிலும் தண்ணீரை நிறுத்திவைக்காமல் குறுக்காகப் படுக்கவைத்து இடுப்பருகே தாங்கும் வடிவமைப்பு இருந்தால் அதற்கு முன்னுரிமை கொடுங்கள்.

பையின் கொள்ளளவைவிட முக்கியமானது முதுகின் நீளம். ஐந்தே முக்கால் அடி உயரமுள்ள இருவருக்கு ஒரே முதுகு நீளம் இருக்க வேண்டும் என்பதில்லை. ஒருவருக்குக் கால் நீளமாகவும் மற்றவருக்கு உடல் நீளமாகவும் இருக்கலாம். தலையைக் குனிந்தால் கழுத்தின் அடியில் ஓர் எலும்பு முண்டு துருத்திக்கொண்டு தெரியும். அங்கே தையல்காரர் பயன்படுத்தும் அளவுநாடாவின் நுனியை வீட்டில் உள்ள ஒருவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பிறகு இரு கைகளையும் இடுப்பு எலும்பின் மேல்விளிம்பில் வைத்து, கட்டைவிரல்கள் முதுகெலும்பை நோக்கி இருக்கும்படி பிடியுங்கள். இரு கட்டைவிரல்களையும் இணைக்கும் கோடு வரை நாடா காட்டும் அளவே உங்கள் முதுகு நீளம். தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் இந்த அளவை வைத்தே சிறியது, நடுத்தரம், பெரியது என்று பிரிக்கிறார்கள். மலைச் சைக்கிளுக்கு வாங்கும்போது இரு அளவுகளுக்கு நடுவில் நின்றால் சிறியதையே எடுங்கள். நடைப்பயணத்தில் பொறுத்துக்கொள்ளக்கூடிய கூடுதல் நீளம், சைக்கிளில் தலைக்கவசத்தை முட்டும். பெண்களுக்கென வடிவமைக்கப்பட்ட பைகளில் முதுகு குட்டையாகவும், தோள்வார்கள் மார்பைச் சுற்றி வளைந்து செல்லும்படியாகவும் இருக்கும். ஒடுங்கிய தோள் கொண்ட ஆண்களுக்கும் அவை பொருந்துவதுண்டு. அட்டையில் எழுதியிருப்பதைப் பார்த்துக் கூச்சப்பட வேண்டாம்.

கடைக்குப் போகும்போது மூன்று பொருள்களைக் கொண்டுபோங்கள்: உங்கள் தலைக்கவசம், வழக்கமாக எடுத்துச் செல்லும் கருவிகள், நிரம்பிய ஒன்றரை லிட்டர் பாட்டில். காலிப் பை எல்லாருக்கும் வசதியாகத்தான் இருக்கும். கடைக்காரரிடம் அனுமதி கேட்டு, பாட்டிலை உள்பை இருக்க வேண்டிய இடத்தில் வைத்து, பையை மாட்டி, கவசத்தையும் அணிந்துகொள்ளுங்கள். அருகில் காட்சிக்கு வைத்திருக்கும் சைக்கிளில் ஏற அனுமதித்தால் நல்லது. இல்லையென்றால் இடுப்பளவு உயரமுள்ள மேசை விளிம்பில் இரு கைகளையும் அகலமாக ஊன்றி, முழங்கையை மடக்கி, இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி, இறக்கத்தில் நிற்பதுபோல் நில்லுங்கள். இப்போது தலையை உயர்த்தி, பத்தடிக்கு அப்பால் சுவரில் உள்ள ஏதாவது ஒன்றைப் பாருங்கள். கவசம் பையின் உச்சியில் இடித்தால், எவ்வளவு தள்ளுபடி தந்தாலும் அந்தப் பை வேண்டாம். இடிக்கவில்லை என்றால் அதே நிலையில் இடமும் வலமும் சட்டென்று திரும்பிப் பாருங்கள். நீங்கள் நின்ற பிறகும் பை ஒரு கணம் தானாக அசைந்தால், வாரை இறுக்கிப் பாருங்கள், இறுக்கிய பிறகும் அசைந்தால் அடுத்த பைக்குப் போங்கள். கடைசியாக, பையைக் கழற்றாமல் பத்து நிமிடம் கடையைச் சுற்றி வாருங்கள். தோளில் அறுக்கும் தையலும் அக்குளை உரசும் விளிம்பும் அந்தப் பத்து நிமிடத்தில் தம்மைக் காட்டிக்கொடுத்துவிடும்.

வார்களைக் கீழிருந்து மேலாக இறுக்குவதே முறை. முதலில் இடுப்பு வாரை எலும்பின் மேல் வைத்துப் பூட்டுங்கள், அடுத்துத் தோள்வார்கள், இறுதியில் நெஞ்சு வார். நெஞ்சு வார் ஏறி இறங்கும்படி சறுக்குப்பட்டையில் பொருத்தப்பட்டிருக்க வேண்டும்; ஆழமாக மூச்சை இழுக்கும்போது மார்பைப் பிடிக்கக் கூடாது. இடுப்பு வாரைப் பொறுத்தவரை, நடைப்பயணப் பைகளில் உள்ளதுபோல் தடித்த திண்டு தேவையில்லை. உள்ளே வைக்கும் பொருள்களில் எடை கூடியவற்றை அடியில், முதுகை ஒட்டி வையுங்கள். காற்றடிக்கும் பம்பையோ கருவிகளையோ முதுகெலும்பின் மீது அழுந்தும்படி ஒருபோதும் வைக்காதீர்கள். மல்லாந்து விழுந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தாலே போதும்.

முதுகுப் பகுதியில் காற்றோட்டம் என்பது விளம்பரங்களில் அதிகம் பேசப்படுவது, அனுபவத்தில் பாதியே கிடைப்பது. இரண்டு முறைகள் உண்டு: பஞ்சுத் திண்டுகளுக்கு இடையே வாய்க்கால் விடுவது ஒன்று, பையை முதுகிலிருந்து விலக்கி, இழுத்துக் கட்டிய வலையில் நிறுத்துவது மற்றொன்று. வலை முதுகு குளிர்ச்சி கூடியதுதான். ஆயினும் எடை உடலிலிருந்து தள்ளிப்போவதால் வளைவுகளில் பின்னாலிருந்து யாரோ இழுப்பதுபோல் இருக்கும். மேலும், சிங்கப்பூரில் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டைத் தாண்டுகிறது. மரங்கள் அடர்ந்த தடத்தில் மெதுவாக ஏறும்போது காற்றும் வீசாது. வியர்வை ஆவியாக வழியில்லாதபோது வலையால் பெரிதாக என்ன செய்துவிட முடியும்? ஆகவே முதுகை ஒட்டி நிற்கும், வாய்க்கால் விட்ட திண்டு கொண்ட பையையே நான் தேர்ந்தெடுப்பேன். எப்படியும் முதுகு நனையத்தான் போகிறது. பையாவது அசையாமல் இருக்கட்டும்.

குழாயின் நீளத்தைப் பலர் கவனிப்பதில்லை. தலையைச் சற்றே திருப்பினால் வாய்முனை உதட்டுக்கு வர வேண்டும். அதற்கு மேல் நீண்டு தொங்கினால் பாதையோரப் பிரம்புக் கொடியின் முள்ளில் மாட்டும். நீளம் மிகுந்தால் வாய்முனையைக் கழற்றிவிட்டு, கூரிய கத்தியால் விரற்கடை விரற்கடையாகக் குறைக்கலாம், ஒரேயடியாக வெட்டிவிடாதீர்கள். குழாயை நெஞ்சு வாரில் பிடித்துவைக்கும் காந்தப் பிடி மிகவும் வசதியானது, கண்ணால் பார்க்காமலே திரும்ப ஒட்டிக்கொள்ளும். ஆனால் இதய முடுக்கி பொருத்தியவர்கள் காந்தமில்லாத பிடியை வாங்க வேண்டும். வாய்முனையில் அடைப்புத் திருகு இருப்பதும் அவசியம்; ரயிலிலோ காரிலோ பையைக் கிடத்தும்போது அது இல்லையென்றால் இருக்கை நனையும். படகுத்துறை வெயிலில் காத்திருக்கும்போது குழாயில் தங்கிய நீர் சுடுநீராகிவிடும் என்பதால், ஒவ்வொரு முறை குடித்த பிறகும் குழாய்க்குள் மெல்ல ஊதி, நீரை உள்பைக்குத் திருப்பி அனுப்பிவிடுவது நல்ல பழக்கம்.

உள்பையின் வாயைப் பொறுத்தே அது எத்தனை ஆண்டு உழைக்கும் என்பது அமையும். திருகு மூடி கொண்டவை நிரப்புவதற்கு எளியவை. மேல்விளிம்பு முழுவதும் திறந்து, மடித்துப் பட்டையால் பூட்டுபவை, கையை முழுதாக உள்ளே விட்டுக் கழுவுவதற்கும் காயவைப்பதற்கும் ஏற்றவை. நம் ஊருக்கு இரண்டாவது வகைதான். ஒரு முறை ஐசோடோனிக் பானத்தை உள்பையில் ஊற்றி, மிச்சத்தோடு அப்படியே ஒரு வாரம் மறந்துவிட்டேன். திறந்தபோது குழாயின் உட்புறம் மிளகைத் தூவியதுபோல் கரும்புள்ளிகள். எத்தனை முறை கழுவியும் அந்த வாடை போகாமல், குழாயையே மாற்ற வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து உள்பையில் வெறும் தண்ணீர், இனிப்பும் உப்பும் கலந்த பானம் சட்டத்து பாட்டிலில் என்று பிரித்துக்கொண்டேன். குளிர்ச்சி வேண்டுமென்றால் பனிக்கட்டித் துண்டுகளைப் போடுங்கள். முழுப் பையையும் உறையவைத்தால் அது கல்லாக இறுகி முதுகைக் குத்தும்.

நிரப்பியதும் உள்பையைத் தலைகீழாகப் பிடித்து, குழாய் வழியே உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி வெளியேற்றிவிட்டால், ஓட்டும்போது தண்ணீர் சளப் சளப்பென்று அலம்பாது. வீடு திரும்பியதும் மிச்சத்தைக் கொட்டி, வாரம் ஒருமுறை வெந்நீரில் இரண்டு கரண்டி ஆப்பச் சோடாவைக் கரைத்து அரை மணி நேரம் ஊறவைத்து, நீண்ட தூரிகையால் குழாயைத் தேய்த்து அலசுங்கள். பிறகு உட்சுவர்கள் ஒட்டிக்கொள்ளாதபடி ஒரு முட்டையடிக்கும் கம்பியை உள்ளே செருகி, துணி காயப்போடும் கம்பில் வாய் கீழே பார்க்கும்படி தொங்கவிடுங்கள். தொடர்ந்து மழை பெய்யும் டிசம்பர் நாள்களில் இரண்டு நாளானாலும் அது முழுமையாகக் காயாது. அப்போது காய்ந்தவரை போதும் என்று மடித்து, பூஞ்சை பிடிக்காதபடி உறைபெட்டிக்குள் மீன் பொட்டலத்துக்கு எட்டத்தில் வைத்துவிடுங்கள்.