மூத்த கண் டெக்னீஷியன்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கண் மருத்துவமனையில் புதிதாகச் சேர்ந்தவர் தவறு செய்தால் பெரும்பாலும் அங்கேயே அகப்பட்டுவிடும். பக்கத்தில் நிற்கும் மூத்தவர் பார்த்துக்கொள்வார். மூத்தவர் தவறினால் பார்க்க ஆளில்லை. அவர் எழுதிய எண் நேராக டாக்டரின் மேஜைக்கும், அங்கிருந்து அறுவை அரங்குக்கும் போய்விடும். எனவே, கை பழகிப்போனதால் வரும் தவறுகளைப் பற்றி மட்டும் இங்கே சொல்கிறேன்.

முதலாவது, வரிசையைக் குலைப்பது. திங்கட்கிழமை காலை, ஓபி நிரம்பி வழிகிறது. “எல்லாருக்கும் முதலில் சொட்டு விட்டுவிடுங்கள், விரியட்டும்” என்று கட்டளை போடுவது பெரும்பாலும் மூத்தவர்தான். கண்பாப்பா (கண்ணுக்குள் ஒளி நுழையும் கறுப்புத் துளை) விரிந்த பிறகு, டார்ச் வெளிச்சத்துக்கு இரண்டு பாப்பாக்களும் ஒரே மாதிரி சுருங்குகின்றனவா என்று பார்க்க வழியில்லை. பார்வை நரம்பின் கோளாற்றைக் காட்டிக்கொடுக்கும் சோதனை அது. அரை நிமிட வேலை. விட்டுவிட்டால் இன்னொரு நாள் வரச்சொல்ல வேண்டும். இரண்டு பஸ் மாறி வந்தவர் மறுபடி வருவார் என்று யார் சொல்வது? முன்னறை (கருவிழிக்குப் பின்னால் நீர் நிறைந்த இடம்) ஆழம் குறைந்த கண்ணாக இருந்தால் சொட்டே கண்ணின் உள்ளழுத்தத்தை ஏற்றிவிடலாம். பக்கவாட்டில் டார்ச் அடித்து, மூக்குப் பக்கம் நிழல் விழுந்தால் டாக்டரிடம் கேட்காமல் சொட்டு விடக் கூடாது. ஃபினைலெஃப்ரின் (பாப்பாவை விரிக்கும் மருந்து) கலந்த சொட்டு என்றால் ரத்த அழுத்தமும் இதய நோயும் உண்டா என்று கேட்டாக வேண்டும். மரத்துப்போகச் செய்யும் சொட்டு கருவிழியின் மேற்பரப்பைச் சற்றே கலைக்கும் என்பதால் கெராட்டோமீட்டர் அளவை (கருவிழியின் வளைவு) அதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும்.

அடுத்தது ஏ-ஸ்கேன், அதாவது ஒலி அலையால் கண்ணின் நீளத்தை அளப்பது. என் கணக்கில் அதிகக் கேடு விளைவது இங்கேதான். கண்புரை அறுவையில் வைக்கும் லென்ஸின் பவரைத் தீர்மானிக்கக் கண்ணின் நீளம் தேவை. அது சராசரியாக 23 மில்லிமீட்டர் சொச்சம். ஒரு மில்லிமீட்டர் பிசகினால் பவர் ஏறத்தாழ இரண்டரை டயாப்டர் (லென்ஸ் பவரின் அலகு) பிசகும். கண்ணில் வைக்கும் ப்ரோப்பின் நுனி கருவிழியை அழுத்தினால் நீளம் குறைவாகக் காட்டும். கணக்கு கூடுதல் பவரைச் சொல்லும். கட்டு அவிழ்த்ததும் கிட்டப்பார்வை. ஒரு கண்ணில் 23.32, 23.29, 22.91, 23.30, 22.88 என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சராசரி எடுத்துக்கொண்டு அடுத்தவரைக் கூப்பிடுவதுதான் பழக்கத்தின் வேலை. திரையில் முன்னறை ஆழத்தையும் பாருங்கள். 23.3 வந்தபோது 3.0 இருந்த ஆழம், 22.9 வந்தபோது 2.6 என்றால் கை அழுத்தியிருக்கிறது. அந்த இரண்டையும் அழித்துவிட்டு மீண்டும் எடுக்க வேண்டும். இரு கண்களுக்கும் வித்தியாசம் 0.3 மில்லிமீட்டரைத் தாண்டினாலும் மறுபடி அளப்பது நல்லது, வேறொருவர் கையால்.

விழித்திரை அறுவையில் சிலிகான் எண்ணெய் நிரப்பிய கண்ணாக இருந்தால் கதையே வேறு. விட்ரியஸில் (கண்ணின் உள்ளே நிறைந்திருக்கும் கூழ்) நொடிக்கு 1532 மீட்டர் ஓடும் ஒலி, எண்ணெயில் 980 அளவில்தான் ஓடும். கருவியில் ஒலி வேகத்தின் அமைப்பை மாற்றாமல் அளந்தால் சாதாரணக் கண்கூட 30 மில்லிமீட்டரைத் தாண்டிக் காட்டும். முன்பு ஆபரேஷன் நடந்ததா என்ற ஒரு கேள்வியில் தீர்ந்திருக்க வேண்டிய விஷயம் இது.

கண் அழுத்தம் பார்க்கும்போது இமையைப் பிடிக்கும் விரல், எலும்பின் மேல் இருக்க வேண்டும். கண்ணின் மேல் பட்டால் நீங்கள் அளப்பது உங்கள் விரலின் அழுத்தத்தையும் சேர்த்துத்தான். ஃபுளோரசின் (கண்ணில் இடும் சாயம்) அதிகமானால், கருவியில் தெரியும் பச்சை அரைவட்டங்கள் தடித்து, எண் கூடுதலாக வரும். துடைத்துவிட்டுப் பாருங்கள். மூச்சை அடக்கிக்கொண்டு கண்ணை இறுக்குபவரிடம் இரண்டு வார்த்தை பேசி, அவர் தளர்ந்த பிறகு எடுங்கள்.

மெட்ராஸ் ஐ காலத்தில், அழுத்தம் அளக்கக் கண்ணில் தொடவைக்கும் ப்ரிசத்தை ஸ்பிரிட் பஞ்சால் ஒரு துடை துடைத்து அடுத்தவர் கண்ணில் வைப்பதைப் பல இடங்களில் காணலாம். மெட்ராஸ் ஐக்குக் காரணமாகும் அடினோவைரஸ் அதற்கு அசையும் என்று நம்ப முடியாது. ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு நீர் கலந்த கரைசலில் ஐந்து நிமிடமாவது ஊறவைத்து, ஓடும் நீரில் நன்றாகக் கழுவி உலர்த்த வேண்டும். கழுவாமல் விட்டால் பிளீச்சே கருவிழியைப் புண்ணாக்கும். ஒரே ப்ரிசத்தை வைத்துக்கொண்டு இதைச் செய்ய முடியாது. கூடுதலாக வாங்கித் தரும்படி நிர்வாகத்திடம் கேட்பது மூத்தவரின் வேலை.

பார்வைப் பலகையில் சிறு விஷயங்கள்தான்: வரிசையில் காத்திருந்தே எழுத்துகளை மனப்பாடம் செய்துவிடுபவர்கள், விரலிடுக்கில் எட்டிப் பார்க்கும் குழந்தைகள். கைக்குப் பதில் மறைப்பானைக் கொடுத்தால் பாதி தீரும். பார்வை குறைந்தால் பின்ஹோல் (சிறு துளையிட்ட மறைப்பான்) வைக்காமல் கேஸ் ஷீட்டை மூடாதீர்கள்.

கடைசியாக ஒன்று. போன முறை கண் அழுத்தம் 14 என்றிருக்க, இன்று 22 வந்தால் “ஏதோ தவறு” என்று 16 எழுதிவிடுபவர்கள் இருக்கிறார்கள். அனுபவம் என்று அதற்குப் பெயர் வைத்துக்கொள்கிறார்கள். மறுபடி பாருங்கள்; அப்போதும் 22 வந்தால் 22 என்றே, நேரத்தோடு எழுதுங்கள். நோயாளி ஒத்துழைக்கவில்லை என்றால் எண்ணுக்குப் பக்கத்தில் “நம்பகமில்லை, இமையை இறுக்கினார்” என்று குறிப்பிடுங்கள். மறுபடி அளப்பதா, சிகிச்சை தொடங்குவதா என்று டாக்டர் தீர்மானிப்பது அந்தக் குறிப்பைப் பார்த்துத்தான்.