இடது சக்கரம் எங்கே ஓடுகிறது? காரைக்குடிப் பக்கம் கார் பழகுபவர்களுக்கு

கார் பழக வருபவர்கள் பெரும்பாலும் கியருக்குத்தான் பயப்படுகிறார்கள். கியர் நாலு நாளில் கைக்கு வந்துவிடும். வண்டி எதுவரை நீண்டிருக்கிறது, எவ்வளவு அகலத்தை அடைக்கிறது என்ற ஜட்ஜ்மென்ட்தான் மெனக்கெட்டுப் பழக வேண்டியது.

எல்.எல்.ஆர். வாங்கி 30 நாள் கழித்துத்தான் டெஸ்ட்டுக்குப் போக முடியும். அந்த நாட்களை நிதானமாகப் பயன்படுத்துங்கள். முன்னும் பின்னும் எல் போர்டு, பக்கத்தில் லைசென்ஸ் உள்ள ஒருவர், இரண்டும் கட்டாயம். ஊருக்கு வெளியே காய்ந்த செம்மண் பொட்டல் ஒன்றைப் பாருங்கள். ஊருணிக்கரை காலியாகத்தான் இருக்கும், ஆனால் வேண்டவே வேண்டாம். பிரேக்குக்குப் பதில் ஆக்சிலேட்டரை மிதித்துவிடுகிற பருவம் இது.

1. உட்காருவது

கிளட்சை முழுதாக மிதித்த பிறகும் முழங்கால் கொஞ்சம் மடங்கியிருக்க வேண்டும். அப்படி சீட்டை வைத்துவிட்டு மூன்று கண்ணாடிகளையும் சரிசெய்யுங்கள்.

2. ஆஃப் கிளட்ச் (பாதி கிளட்ச்)

சமதரையில் முதல் கியர் போட்டு, ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட்டு, ஆக்சிலேட்டரைத் தொடாமல் கிளட்சை மட்டும் மெல்ல விடுங்கள். ஓரிடத்தில் இன்ஜின் சத்தம் கனத்து, வண்டி லேசாக அதிரும். காலை அங்கேயே நிறுத்துங்கள். வண்டி தானாக நகரும். கொஞ்ச தூரம் போனதும் கிளட்ச், பிரேக், நிறுத்தம். கால் அந்த இடத்தைத் தேடாமலே கண்டுபிடிக்கும்வரை இதையே செய்யுங்கள். இன்ஜின் நின்றுவிட்டால் பதற வேண்டாம். பிரேக்கையும் கிளட்சையும் மிதித்து, நியூட்ரல் போட்டு, மறுபடி ஸ்டார்ட் செய்யலாம்.

3. இடது பக்கம்

நாம் உட்கார்ந்திருப்பது வலது ஓரத்தில். சின்ன காரே ஐந்தடி அகலம் வரும். இடது பக்கச் சக்கரம் கண்ணுக்கே தெரியாது.

செம்மண்ணில் கோலமாவால் நீளமாக, நேராக ஒரு கோடு போடுங்கள். இடது முன்சக்கரம் அதன் மேலேயே ஓடும்படி மெதுவாகப் போய், நிறுத்தி, இறங்கிப் பாருங்கள். டயரில் மாவு ஒட்டியிருக்கிறதா? இல்லையென்றால் எவ்வளவு விலகியிருக்கிறது? சரியாக ஏறிய பிறகு சீட்டிலிருந்து பார்த்தால், பல கார்களில் அந்தக் கோடு பானெட்டின் நடுவுக்குப் பக்கத்தில் போய் மறையும். முதல் தடவை நம்பவே முடியாது. அது மறைகிற இடத்துக்கு நேராக முன்கண்ணாடியின் கீழே ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிக்கொள்ளுங்கள். உயரமும் சீட்டும் மாறினால் பொட்டின் இடமும் மாறும், ஆகவே அடுத்தவர் வைத்த அடையாளம் உங்களுக்கு உதவாது.

4. தெரு

அப்புறம் கானாடுகாத்தான் போன்ற ஊர்த் தெருக்கள். விடிந்ததும் போனால் நெரிசல் இராது. தெருக்கள் நேரானவை, ஆனால் முக்குகள் ஆபத்தானவை. வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிவதால், பக்கச் சுவர் முக்கு வரைக்கும் மறைக்கும். உங்கள் பானெட் வெளியே நீண்ட பிறகுதான் குறுக்கே வருவது கண்ணில் படும். அதனால் முக்குக்கு முன்பே நின்று, ஹாரன் கொடுத்து, ஆஃப் கிளட்சில் அங்குலம் அங்குலமாக நகருங்கள். பொட்டலில் பழகியது இதற்காகத்தான்.

இடது பக்கம் திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வராது, உள்வாங்கி வரும். சீக்கிரம் ஒடித்தால் முன்பக்கம் தப்பிவிடும், பின்கதவு வாசற்படியில் உரசும். சுவரிலிருந்து மூன்றடி தள்ளி வந்து, முக்கு உங்கள் இடது பக்கக் கண்ணாடியைத் தாண்டிய பிறகு ஸ்டீரிங்கை ஒடியுங்கள்.

5. மெயின் ரோடு

பிள்ளையார்பட்டி ரோட்டில் சதுர்த்திக் கூட்டம் இல்லாத நாளாகப் பார்த்துப் போங்கள். இடது பக்கமே போக வேண்டும், ஆனால் தார் விளிம்பை ஒட்டிப் போகாதீர்கள், இரண்டு மூன்றடி விடுங்கள். பார்வை பானெட்டில் இல்லாமல் தூரத்தில் இருந்தால் வண்டி தானே நேராக ஓடும். இடது சக்கரம் மண்ணில் இறங்கிவிட்டால் வெடுக்கென்று ஒடிக்காமல், ஸ்டீரிங்கை நேராகப் பிடித்து, வேகம் நன்றாகக் குறைந்த பிறகு, பின்னால் யாரும் வரவில்லை என்று பார்த்து மெல்ல மேலே ஏற்றுங்கள்.