இறால் தொட்டி: நல்லது செய்வதாக நினைத்து நாம் செய்யும் தவறுகள்

நான் முதன்முதலில் கண்ணாடித் தொட்டியில் வளர்த்த செர்ரி இறால்களில் (அழகுக்காக வளர்க்கும் சின்ன நன்னீர் இறால்) ஏழு, இரண்டே நாளில் செத்துப்போயின. ஒன்றைக் கரண்டியில் எடுத்து விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன். தலைப்பகுதியும் உடலும் சேருகிற இடத்தில், நூல் சுற்றிக் கட்டியது போல ஒரு வெள்ளை வளையம். இறால் தன் பழைய ஓட்டைக் கழற்றும்போது, முதுகுப்பக்கம் ஓர் இடத்தில் மட்டும் ஓடு பிளக்க வேண்டும். அந்தப் பிளவு வழியே உடலை வளைத்து ஒரே உதறலில் வெளியே குதித்துவிடும். பிளவு சுற்றிலும் ஓடிவிட்டால் எதைப் பிடித்து உதறுவது? தலையை இழுக்கவும் முடியாமல், வாலை உருவவும் முடியாமல் அப்படியே செத்துப்போகும்.

மூன்று நாள் முன்னால்தான் நான் தொட்டியில் பாதிக்கு மேல் தண்ணீரை மாற்றியிருந்தேன். கண்ணாடியில் லேசாகப் பாசி படிந்திருந்தது, சுத்தம் செய்தால் நன்றாக இருக்கும் என்று பட்டது. மீன் வளர்த்துப் பழகிய கை அப்படித்தான் போகும். ஆனால் இறாலுக்கு அந்தப் பாசிதான் சாப்பாடு, அந்தப் பழைய தண்ணீர்தான் வீடு. புதிதாக வளர்ப்பவர்கள் இழக்கும் இறால்களில் பெரும்பாலானவை கவனிப்பு குறைந்து சாவதில்லை, கவனிப்பு கூடிப்போய்தான் சாகின்றன.

தண்ணீர்

முதலில் இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை 10 முதல் 15 சதவீதம் மாற்றினால் போதும். புதுத் தண்ணீர் தொட்டித் தண்ணீரின் அதே வெப்பத்தில் இருக்க வேண்டும், மெதுவாக இறங்க வேண்டும். வாளியோடு கவிழ்ப்பது கூடாது. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு சட்டென்று மாறினால், தயாராகாத இறால்கூட ஓட்டைக் கழற்றத் தொடங்கிவிடும். அடியில் புது ஓடு சரியாக உருவாகியிருக்காது. நான் பார்த்த வெள்ளை வளையம் பெரும்பாலும் அப்படி வருவதுதான். கால்சியம், மெக்னீசியம் போதாத தண்ணீரிலும் இதே கதிதான்.

தண்ணீரில் கரைந்திருப்பவற்றின் மொத்த அளவுக்கு டிடிஎஸ் என்று பெயர். அதை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பேனா மாதிரி இருக்கும், முக்கினால் எண் காட்டும். எந்தெந்த உப்பு இருக்கிறது என்று அது சொல்லாது. ஆனால் நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன மாறியிருக்கிறது என்பதை உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

அதை வைத்திருப்பவர்கள்கூட ஒரு இடத்தில் சறுக்குகிறார்கள். தண்ணீர் ஆவியாகி மட்டம் குறைகிறது, குழாய்த் தண்ணீரை ஊற்றி நிரப்புகிறார்கள். ஆவியாகிப் போவது வெறும் தண்ணீர்தான், உப்பெல்லாம் தொட்டியிலேயே தங்கிவிடும். அதன்மேல் உப்புள்ள தண்ணீரையே மறுபடி மறுபடி ஊற்றினால், 200-ல் இருந்த டிடிஎஸ் சில மாதத்தில் 350, 400 என்று ஏறிவிடும். மெதுவாக ஏறுவதால் இறாலும் பொறுத்துக்கொண்டு இருக்கும், குட்டி போடுவது மட்டும் நின்றுபோகும். காரணமே புரியாது. ஆகவே ஆவியானதை ஈடுகட்ட ஆர்ஓ தண்ணீரோ வாலைவடிநீரோ (டிஸ்டில்டு வாட்டர்) ஊற்றுங்கள். வாரா வாரம் மாற்றும்போது மட்டும் தாது சேர்ந்த தண்ணீர்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. ஆர்ஓ தண்ணீர் சுத்தமானது என்று அதை மட்டுமே வைத்துத் தொட்டியை நிரப்புவது. அதில் ஓடு கட்டத் தேவையான தாது எதுவும் இருக்காது. இறாலுக்கென்றே விற்கும் தாது உப்பைக் கலந்து, அளந்து பார்த்த பிறகுதான் பயன்படுத்த வேண்டும்.

குளோரின் பற்றி எல்லோருக்கும் தெரியும். ஒரு நாள் திறந்து வைத்தால் போய்விடும் என்பார்கள். குளோரினுக்கு அது சரி. சில இடங்களில் குளோரமின் கலக்கிறார்கள், அது அப்படிப் போகாது. குளோரின் நீக்கி என்று விற்கும் திரவத்தில் இரண்டு சொட்டு விடுவது எப்போதும் நல்லது.

இறால் கழற்றிப்போட்ட ஓட்டைச் செத்த இறால் என்று நினைத்து எடுத்துப் போடாதீர்கள். கண்ணாடி போல வெறுமையாக, முதுகில் பிளந்து கிடந்தால் அது ஓடு. விட்டுவைத்தால் இறால்களே தின்று அதிலிருக்கும் தாதுவைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். வேகவைத்தது போல வெளுத்து இளஞ்சிவப்பாகக் கிடந்தால்தான் செத்தது. அதை உடனே எடுத்துவிட வேண்டும்.

அவசரம்

தொட்டியை வைத்த வாரமே இறாலை விடுவது அடுத்த பெரிய தவறு. கழிவிலிருந்து அம்மோனியா வருகிறது. அதை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றுகிறது, அந்த நைட்ரைட்டை இன்னொரு வகை நைட்ரேட்டாக மாற்றுகிறது. இந்தப் பாக்டீரியாக்கள் ஃபில்டரிலும் மணலிலும் பெருகி நிலைபெற 4 முதல் 6 வாரம் ஆகும். அம்மோனியா 0, நைட்ரைட் 0, நைட்ரேட் 20 பிபிஎம்முக்குள் என்று வந்த பிறகும், இன்னும் சில வாரம் பொறுக்கச் சொல்வேன். இறால் நாள் முழுக்கக் கொறிப்பது நாம் போடும் தீனியை அல்ல. இலை, கல், கட்டை எல்லாவற்றின் மேலும் வழவழவென்று படியும் நுண்ணுயிர்ப் படலமான பயோஃபிலிமைத்தான். புதுத் தொட்டியில் அது இருக்காது. பரிசோதனை எண்கள் எல்லாம் சரியாக இருந்தும் குட்டிகள் காணாமல் போகும் தொட்டிகளில், பல நேரம் காரணம் இந்தப் பசிதான்.

சின்னதுதானே என்று 5 லிட்டர் ஜாடியில் தொடங்குவதும் வேண்டாம். இறாலுக்கு இடம் போதும்தான், ஆனால் அவ்வளவு கொஞ்சம் தண்ணீரில் வெப்பமும் உப்பும் மணிக்கு மணி மாறும். குறைந்தது 20 லிட்டர், முடிந்தால் 40. பெரிய தொட்டிதான் தொடக்கக்காரருக்கு எளிது.

கொண்டுவந்த இறாலைப் பையோடு தொட்டியில் கவிழ்ப்பதும் அவசரம்தான். பைத் தண்ணீரோடு ஒரு பாத்திரத்தில் ஊற்றுங்கள். ஏர் பம்ப்புக்குப் போடும் மெல்லிய குழாயில் ஒரு முடிச்சுப் போட்டு, தொட்டித் தண்ணீரை நொடிக்கு இரண்டு மூன்று சொட்டாக அதில் விழ விடுங்கள். ஒன்று, ஒன்றரை மணி நேரம். அப்புறம் வலையில் இறாலை மட்டும் எடுத்துத் தொட்டியில் விடுங்கள். பைத் தண்ணீர் சாக்கடைக்குப் போகட்டும்.

எல்லா இறாலும் ஒன்றல்ல

செர்ரி, நீலம், மஞ்சள் என்று விற்பவை எல்லாம் நியோகாரிடினா டேவிடி என்ற ஒரே இனம். பிஹெச் 6.5 முதல் 8 வரை, ஜிஹெச் (கால்சியம், மெக்னீசியத்தால் வரும் கடினத்தன்மை) 6 முதல் 12 வரை, டிடிஎஸ் 150 முதல் 300 வரை தாங்கும். 22 முதல் 25 டிகிரி அதற்கு இதம். கிரிஸ்டல் சிவப்பு, தேனீ இறால் போன்ற காரிடினா வகைகள் வேறு ரகம். அவற்றுக்குப் பிஹெச் 5.8 முதல் 6.8, கேஹெச் (கார்பனேட் கடினத்தன்மை) கிட்டத்தட்ட பூஜ்யம், டிடிஎஸ் 100 முதல் 150. அதற்கான மண்ணும் ஆர்ஓ தண்ணீரும் இல்லாமல் கட்டுப்படியாகாது. இரண்டையும் ஒரே தொட்டியில் விட்டால் ஏதாவது ஒன்று தினம் தினம் கஷ்டப்படும்.

அமானோ இறால் பற்றியும் ஒரு வார்த்தை. ஜப்பானியத் தொட்டிக் கலைஞர் தகாஷி அமானோ 1980-களில் பாசி தின்ன வைத்துப் பிரபலமாக்கியது. பாசி தின்பதில் அதற்கு இணை இல்லை. வயிற்றில் நூற்றுக்கணக்கான முட்டைகளோடு திரிவதைப் பார்த்து ஆசையாகக் காத்திருப்பவர்கள் ஏமாறுகிறார்கள். அதன் குஞ்சுப்புழுக்கள் வளர உப்புத் தண்ணீர் வேண்டும், நன்னீர்த் தொட்டியில் சில நாளில் மடிந்துவிடும். வீட்டில் இனப்பெருக்கம் செய்ய ஆசை என்றால் செர்ரியில் தொடங்குங்கள்.

தீனி

குறைத்துப் போடுங்கள். 20 இறால் உள்ள, பாசி படிந்த தொட்டிக்கு வாரம் இரண்டு மூன்று முறை, ஒரு பட்டாணி அளவு. இரண்டு மூன்று மணி நேரத்தில் தின்னாமல் மிஞ்சியதை எடுத்துவிடுங்கள். மிஞ்சிய தீனியில்தான் பிளானேரியா பெருகும். வெள்ளையாக, முக்கோணத் தலையோடு கண்ணாடியில் வழுக்கிக்கொண்டு போகும் தட்டைப் புழு அது. பிறந்த குட்டிகளைப் பிடித்துத் தின்னும். புழுவைக் கண்டதும் மருந்து தேடாமல் முதலில் தீனியைக் குறைத்துப் பாருங்கள். காய்ந்த நாட்டு வாதுமை இலை ஒன்று மட்டும் எப்போதும் கிடக்கட்டும். அது மெதுவாக மக்க மக்க, நரம்பு மட்டும் மிஞ்சும் வரை இறால்கள் அதன்மேல் உட்கார்ந்து கொறித்துக்கொண்டே இருக்கும்.

கண்ணுக்குத் தெரியாத விஷம்

செம்பு இறாலுக்கு நஞ்சு. மீனுக்கான வெள்ளைப்புள்ளி மருந்துகள் பலவற்றிலும், பாசி கொல்லிகளிலும், நத்தை கொல்லிகளிலும் செம்பு இருக்கும். மீன் தாங்கும் அளவே இறாலைக் கொன்றுவிடும். தீனி டப்பாவில் செம்பு சல்பேட் என்று பார்த்துப் பயப்பட வேண்டாம், அந்தத் துளி அளவு ஆபத்தில்லை. இறாலின் ரத்தமே செம்பை வைத்துத்தான் ஆக்சிஜனைச் சுமக்கிறது.

செம்பைவிட அதிகம் பேர் கோட்டைவிடுவது பூச்சி மருந்தில். இறாலும் பூச்சியும் ஒரே பெரும் பிரிவைச் சேர்ந்த கணுக்காலிகள். கொசுவைக் கொல்வது இறாலையும் கொல்லும். தொட்டி இருக்கும் அறையில் கொசு மருந்து அடிக்காதீர்கள், திரவக் கொசுவிரட்டி வைக்காதீர்கள். ஏர் பம்ப் அறைக் காற்றை இழுத்து நேராகத் தண்ணீருக்குள் அனுப்புகிறது என்பதை நினைத்துப் பாருங்கள். கடையில் வாங்கும் செடிகளிலும் மருந்து ஒட்டியிருக்கலாம். தனி வாளியில் போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி ஒன்றிரண்டு வாரம் வைத்த பிறகு தொட்டிக்கு மாற்றுங்கள். கையில் சோப்போ, கிரீமோ, சானிடைசரோ இருக்கும்போது தண்ணீருக்குள் கை விடக் கூடாது.

ஃபில்டருக்கு ஸ்பாஞ்ச் ஃபில்டர்தான் சிறந்தது. குட்டிகளை உறிஞ்சாது, அதன் மேல்பரப்பே அவற்றுக்கு மேய்ச்சல் நிலம். அதைக் குழாயடியில் பிழிந்து கழுவினால் பாக்டீரியா போய்விடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள். மீன் சேர்ப்பதைப் பொறுத்தவரை, இறால் நுழையும் அளவு வாய் உள்ள எந்த மீனும் அதைத் தின்னும். குட்டிகள் தங்க வேண்டுமென்றால் ஓட்டோ போன்ற பாசி மேயும் சிறு மீன்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

முட்டையும் குட்டியும்

தாய் ஆகப்போகும் இறாலின் தலைக்குப் பின்னால், முதுகில் சேணம் போட்டது போல மஞ்சளோ பச்சையோ தெரியும். உள்ளே முட்டை தயாராகிறது. அது ஓடு கழற்றியதும் ஆண்களெல்லாம் தொட்டி முழுக்கப் பித்துப் பிடித்தது போல நீந்தும். இதைப் பார்த்துத் தண்ணீர் கெட்டுவிட்டது என்று பயந்து பாதித் தண்ணீரை மாற்றுகிறார்கள். நல்லபடியாக நடந்துகொண்டிருந்ததைக் கெடுப்பது அதுதான். ஆண்கள் மட்டும் அலைந்து, பெண்கள் அமைதியாக மேய்ந்தால் பயமில்லை. எல்லாமே மேலே ஏறி, தண்ணீரைவிட்டு வெளியேறப் பார்த்தால்தான் ஆபத்து.

முட்டை வந்த இறாலை வலையில் பிடித்துத் தனிப் பெட்டியில் போடாதீர்கள். பயத்தில் முட்டையை உதறிவிடும். அதன் வயிற்றடியைக் கொஞ்ச நேரம் பாருங்கள், நீந்தும் கால்கள் ஓயாமல் விசிறிக்கொண்டே இருக்கும். 20, 30 முட்டைக்கும் ஆக்சிஜன் போவது அந்த விசிறலில்தான். வெப்பத்தைப் பொறுத்து 25 முதல் 30 நாளில் பொரியும். சீக்கிரம் பொரியட்டும் என்று சூட்டைக் கூட்ட வேண்டாம். 30 டிகிரியைத் தாண்டினால் தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்து தாயே திணறும். முதல் முறை தாயாகும் இறால் முட்டையை இழப்பது சகஜம், அடுத்த முறை சரியாகிவிடும்.

நிறம் கலப்பதைப் பற்றியும் கேட்பார்கள். சிவப்பு, நீலம், மஞ்சள் மூன்றையும் சேர்த்துவிட்டால் தொட்டி வானவில் மாதிரி இருக்கும்தான். ஆனால் எல்லாம் ஒரே இனம், கலந்து குட்டி போடும், சில தலைமுறையில் காட்டு இறாலின் மங்கிய பழுப்பு நிறம் திரும்பிவிடும். எனக்கு அந்தப் பழுப்பும் பிடிக்கும். நிறம் வேண்டும் என்பவர்கள் ஒரு தொட்டிக்கு ஒரு நிறம் வையுங்கள். நான்கைந்து வாங்கித் தொடங்காமல் 10 முதல் 20 வரை வாங்குங்கள், ஆணும் பெண்ணும் கலந்து கிடைக்கும், ரத்த உறவும் குறையும். பெருகி மிஞ்சிப்போனால் வளர்ப்பவர்களுக்குக் கொடுங்கள். குளத்திலோ ஆற்றிலோ விடாதீர்கள். நியோகாரிடினா தன் சொந்த நிலத்துக்கு வெளியே பல நாட்டு நீர்நிலைகளில் ஏற்கெனவே குடியேறிவிட்டது.

குட்டிகள் பிறக்கும்போதே பெரியவற்றின் அச்சாக, 2 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். தீனியைத் தேடி அவை தூரம் போகாது, பிறந்த இடத்திலேயே மேய்ச்சல் வேண்டும். அதனால் மாஸ் (தொட்டியில் வளர்க்கும் பாசிச்செடி) அடர்த்தியாக இருக்கட்டும், முதல் சில வாரம் அடிமணலை உறிஞ்சாதீர்கள். உறிஞ்சியே ஆக வேண்டுமென்றால் வெள்ளை வாளியில் பிடியுங்கள். உடனே கொட்டிவிடாமல் அரைமணி நேரம் தெளிய விட்டு, டார்ச் அடித்துப் பாருங்கள். அடியில் தூசி போலக் கிடப்பதில் ஒன்றிரண்டு நகரும். சின்னக் குவளையில் தண்ணீரோடு மொண்டு, திரும்பத் தொட்டியில் மாஸ் பக்கமாக விட்டுவிடலாம்.