"எனி ஜாப் மேடம்?"

பாம்பனில் ராத்திரி எட்டு மணிக்கு மேல், வீட்டு வேலை முடித்து வரும் பெண்களுக்கு ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லித் தருகிறேன். பங்குனி ஆமை என்கிற கடல் ஆமை முட்டையிடும் சீசனில் தனுஷ்கோடிக் கரைக்கு ஒத்தாசைக்குப் போக அவர்களுக்கு ஆசை. அந்த ஆமைகளைப் பற்றி ஆராய வெளியூரிலிருந்து வந்திருந்த மாணவியிடம் ஒரு அக்கா, "எனி ஜாப் மேடம்?" என்று கேட்டார். சம்பள வேலை என்று நினைத்த அந்தப் பெண், "நோ வேகன்சி" என்றுவிட்டாள். அக்காவுக்கு முகமே வாடிவிட்டது.

நான்தான் சொல்லித் தந்திருக்க வேண்டும். நம் 'வேலை'யில் கூலி உள்ளதும் இல்லாததும் சேர்ந்தே கிடக்கிறது, 'ஜாப்' அப்படியில்லை. மறுநாள் 'ஐ வுட் லைக் டு வாலண்டியர்' ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தேன்.

அடுத்து கேள்வி. ஆமாம், இல்லை என்று பதில் வரும் கேள்விக்குத் தமிழில் கடைசியில் 'ஆ' சேர்த்தால் போதும், அதனால் "யூ நீட் ஹெல்ப்பா?" என்றே வந்தது. முதலில் ஒரு கைதட்டு, அதோடு 'டூ', பிறகுதான் மற்றது என்று பழக்கினேன். இரண்டிரண்டு பேராக முதுகோடு முதுகு சாய்த்து உட்காரவைத்து, போனில் பேசுவதுபோல் கேட்கச் சொன்னேன். முகம் தெரியாததால் கூச்சம் விட்டுப்போனது.

பத்து நாள் கழித்து அதே அக்கா, அதே மாணவியிடம்: "டூ யூ நீட் ஹெல்ப்? வாட் டைம் ஷுட் ஐ கம்?"

"ஃபோர் ஏ.எம்., அக்கா!"