டிஜிகேம்: டேக் போடும் முன் சரிசெய்ய வேண்டியவை

கும்பகோணம், மன்னார்குடி பக்கத்து வீடுகளில் படங்கள் ஃபோனிலிருந்தும் வாட்ஸ்அப்பிலிருந்தும் வருகின்றன. பழைய ஆல்பத்திலிருந்து ஸ்கேன் செய்தவையும் சேர்கின்றன. அத்தனையையும் கம்ப்யூட்டரில் ஒழுங்குபடுத்த டிஜிகேம் நல்ல கட்டற்ற மென்பொருள். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும், காசு கிடையாது. ஆல்பம் என்று அது காட்டுவது உங்கள் ஃபோல்டரைத்தான். ஆகவே ‘2004 மகாமகம்’, ‘2018 கஜா’ என்று ஆண்டை முன்னால் வைத்துப் பெயரிடுங்கள்.

முதல் தடவை திறக்கும்போது வரும் கேள்விகளில் ஒன்றுக்கு மட்டும் நிதானித்துப் பதில் சொல்லுங்கள்: டேக் (படத்தைத் தேடி எடுக்க நாம் ஒட்டும் பெயர்ச்சீட்டு), குறிப்பு போன்ற தகவல்களைப் படக் கோப்பிலேயே எழுதலாமா? எழுதலாம் என்றே தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் எல்லாம் டிஜிகேம் தனக்கென வைத்திருக்கும் பதிவேடான டேட்டாபேஸில் மட்டும் தங்கும். படத்தை இன்னொரு கம்ப்யூட்டருக்குக் கொடுத்தால் வெறும் படம்தான் போகும். ஏற்கெனவே மறுத்திருந்தால் செட்டிங்ஸில் மெட்டாடேட்டா பகுதியில் மாற்றிவிட்டு, டூல்ஸ் மெனுவின் மெயின்டெனன்ஸில் டேட்டாபேஸிலிருந்து கோப்புகளுக்கு எழுதச் சொல்லுங்கள். ரா படங்களுக்கு (கேமரா பதப்படுத்தாமல் தரும் மூலப் படங்கள்) மட்டும் இந்தத் தகவல்களை வைக்க எக்ஸ்எம்பி என்ற தனிக் கோப்பு போதும். படத்தை நகர்த்தும்போது அதுவும் கூடவே போக வேண்டும் என்பதால் டிஜிகேமுக்குள்ளிருந்தே நகர்த்துங்கள்.

அடுத்தது தேதி. தகராறு பெரும்பாலும் இங்கேதான். ஸ்கேன் செய்த படம், ஸ்கேன் செய்த நாளையே காட்டும். படங்களைத் தேர்ந்தெடுத்து, ஐட்டம் மெனுவில் தேதி-நேரம் திருத்தும் கருவியைத் திறந்து, சொந்தத் தேதியாக 6.3.2004 என மகாமக நாளைக் கொடுங்கள். வாட்ஸ்அப் படங்களில் எடுத்த நேரமும் இடமும் அழிந்துபோயிருக்கும். கோப்புப் பெயரில் 20181116 போல நாள் மட்டும் இருக்கும். அதே கருவி அந்தப் பெயரிலிருந்தே தேதியை எடுத்துக்கொள்ளும். ஆனால் அது படம் கைக்கு வந்த நாள், எடுத்த நாள் அல்ல. பயிர்ச் சேதப் படம் போன்றவற்றுக்கு எடுத்தவர் ஃபோனிலிருந்து கேபிள் வழியாக அசலையே வாங்கிவிடுங்கள்.

இனி டேக். யூனிகோடில்தான் தட்டச்சு செய்ய வேண்டும். பாமினி எழுத்துருவுக்கான விசைகளில் அடித்தால் உள்ளே சேர்வது ஆங்கில எழுத்துகள், பிறகு தமிழில் தேடினால் ஒன்றும் கிடைக்காது. ‘கும்பகோணம் மகாமகக் குளம்’ என்று ஒரே டேக்காகவும் வைக்காதீர்கள். படக் கோப்புக்குள் தகவல் எழுதும் பழைய ஐபிடிசி முறையில் ஒரு டேக்குக்கு 64 பைட்தான் இடம். யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் எடுக்கும். மெய்யெழுத்துக்கு எழுத்தும் புள்ளியும் சேர்ந்து 6. இந்த டேக் 68 பைட் வருகிறது, அந்த வரம்பைப் பின்பற்றும் மென்பொருளில் வால் அறுந்துவிடும். ‘இடம்’ அதன் கீழ் ‘கும்பகோணம்’, அதன் கீழ் ‘மகாமகக் குளம்’ என்று கிளை பிரித்தால் ஒவ்வொன்றும் சின்னதாக நிற்கும், தேடவும் வசதி.

ஒரே படத்தின் நகல்களைக் கண்டுபிடிக்க முதலில் மெயின்டெனன்ஸில் படங்களின் ஒப்புமைத் தகவலை உருவாக்க வேண்டும். பிறகு ஒற்றுமை அளவை 90 சதவீதத்திலிருந்து வைத்துத் தேடுங்கள். வாட்ஸ்அப்பில் சுருங்கிய நகலை நீக்கிவிட்டுப் பெரிய அளவுள்ளதை வைத்துக்கொள்ளுங்கள். நீக்கியது டிஜிகேமின் சொந்தக் குப்பைத்தொட்டிக்குத்தான் போகும், அதைக் காலி செய்யும்வரை டிஸ்கில் இடம் கிடைக்காது.

படங்கள் வெளி ஹார்ட் டிஸ்கில் இருந்தால் ‘நீக்கக்கூடிய சாதனம்’ என்ற வகையில் சேருங்கள். சாதாரணமாகச் சேர்த்தால் டிஸ்க் செருகாத நாளில் படங்களைக் காணோம் என்று எடுத்துக்கொள்ளும். டேட்டாபேஸ் மட்டும் கம்ப்யூட்டரின் உள் டிஸ்கிலேயே இருக்கட்டும், நெட்வொர்க் டிரைவில் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரண்ட் போகும் நேரத்தில் எழுதிக்கொண்டிருந்தால் டேட்டாபேஸ் கெட்டுப்போகலாம். யுபிஎஸ் இல்லாதவர்கள் டிஜிகேமை மூடிவிட்டு ‘டிஜிகேம்4.டிபி’ கோப்பை வாரம் ஒருமுறை நகலெடுத்து வையுங்கள். திறந்திருக்கும்போது எடுத்த நகல் அரைகுறையாக இருக்கக்கூடும்.