விளையாட்டு வீடியோ கேம்கள்: பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சண்டை கேம் என்றால் உஷாராகும் பெற்றோர், கால்பந்து, கிரிக்கெட் கேம் என்றால் கண்டுகொள்வதில்லை. ரத்தம் இல்லை, துப்பாக்கி இல்லை, இதில் என்ன வந்துவிடப் போகிறது என்ற நினைப்புதான் முதல் தவறு.

வயதுக் குறியீட்டை மட்டும் பார்த்து வாங்குவதும் அதில் சேரும். ஃபிஃபா 18 என்ற கால்பந்து கேமுக்கு ஐரோப்பாவின் பெகி அமைப்பு தந்த குறியீடு 3+. குழந்தை பார்க்கக் கூடாத காட்சி இல்லை என்பதுதான் அதன் பொருள். பணத்தைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. அந்த கேமுக்குள் காசு கொடுத்து வாங்கும் வீரர் பேக்குகளை, அதாவது அணிக்கு வீரர்களைத் தரும் மூடிய பொட்டலங்களை, பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018-ல் சூதாட்டம் என்றே வகைப்படுத்தியது. 2019 தொடக்கத்தில் அங்கே அந்த விற்பனை நின்றது. பேக்கில் யார் இருக்கிறார் என்பது பிரிக்கும்வரை தெரியாது. நல்ல வீரர் வந்தால் வாணவேடிக்கை, முதலில் நாட்டுக் கொடி, பிறகு ஆடும் இடம், கடைசியில்தான் முகம். அந்தச் சில நொடிப் படபடப்புக்காகவே குழந்தை அடுத்த பேக்கைக் கேட்கும். அடுத்த ஆண்டு புதிய பதிப்புக்கு மாறினால் சேர்த்த வீரர்கள் அதற்குக் கூடவே வர மாட்டார்கள் என்பதை வாங்குவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

உங்கள் கணக்கில் ஆட விடாதீர்கள். கன்சோலில் (டிவியில் இணைத்து ஆடும் கேம் கருவி) குழந்தைக்குத் தனிக் கணக்கு தொடங்கி, செலவு வரம்பைப் பூஜ்ஜியமாக வையுங்கள். உங்கள் கணக்கில் கார்டு விவரம் இருந்தால், வாங்கும் ஒவ்வொரு முறையும் பாஸ்வேர்டு கேட்கும்படி மாற்றுங்கள். முன்பின் தெரியாதவர்களுடன் பேசும் வாய்ஸ் சாட்டையும் அணைத்துவிடுங்கள்.

அடுத்தது, பாதி ஆட்டத்தில் "போதும், அணை" என்பது. ஆன்லைன் போட்டியில் நடுவில் வெளியேறினால் பொதுவாகத் தோல்வி என்று பதிவாகும். குழந்தை அழுவது வெறும் அடம் அல்ல, அதற்குக் காரணம் இருக்கிறது. அதனால் நேரத்தைவிட ஆட்டக் கணக்கே சரிப்படும். ஒரு பாதி 6 நிமிடம் என்றால், இடைவெளி, மெனு எல்லாம் சேர்த்து ஓர் ஆட்டம் ஏறத்தாழ 15 முதல் 20 நிமிடம். இரண்டு ஆட்டம் என்று முன்பே பேசி வைத்து, இரண்டாவது தொடங்கும்போது நினைவூட்டுங்கள். கிரிக்கெட் என்றால் ஓவரைக் குறைத்து வைக்கலாம்.

"அதுவும் ஸ்போர்ட்ஸ்தானே" என்று மைதானத்துக்கு ஈடாகக் கொள்வது இன்னொரு தவறு. 5 முதல் 17 வயதினருக்கு நாள்தோறும் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்கும் உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சோபாவில் உட்கார்ந்து அடிக்கும் கோல் அதில் சேராது. உடலை அசைத்து ஆடும் கேம்கள் ஓரளவு பரவாயில்லை. ஆனால் டென்னிஸில் முழுக் கையை வீசத் தேவையில்லை, மணிக்கட்டைச் சுண்டினாலே போதும் என்பதைப் பிள்ளைகள் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள். அவற்றை ஆடும்போது கண்ட்ரோலரின் பட்டையை மணிக்கட்டில் மாட்டச் சொல்லுங்கள். வியர்த்த கையிலிருந்து நழுவினால் நேராக டிவியில் போய் மோதும்.

முழுதாகத் தடை போடவும் வேண்டாம். ஆஃப்சைடு என்றால் என்ன, ஸ்லிப்பில் ஏன் ஆளை நிறுத்துகிறார்கள் என்பதெல்லாம் இந்த கேம்களில் பிள்ளைகளுக்கு நன்றாகவே பிடிபடும். பக்கத்தில் உட்கார்ந்து "ஏன் அவனை அங்கே நிறுத்தினாய்?" என்று கேளுங்கள். மறுநாள் பந்தோடு வெளியே அழைத்துப் போய் அதையே செய்து பார்க்கச் சொல்லுங்கள். பந்தைக் காலில் அடக்கும் பழக்கம் அங்கேதான் வரும்.

ஒரு நாள் கோபத்தை வைத்து "அடிமையாகிவிட்டான்" என்று முடிவு கட்டாதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வரையறைப்படி, கேமிங் கோளாறு என்று சொல்லப் பொதுவாக 12 மாதமாவது அந்தப் போக்கு நீடிக்க வேண்டும். அதற்காக அத்தனை நாள் காத்திருக்கவும் தேவையில்லை. தூக்கம், படிப்பு, நண்பர்கள் எல்லாம் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போனால் குழந்தை மருத்துவரிடமோ உளவியல் ஆலோசகரிடமோ அழைத்துச் செல்லுங்கள்.