வயதானவருக்கு மருந்து எழுதமுன் சிறுநீரகத்தைக் கணக்குப் பாருங்கள்

மூதூரிலிருந்து திருகோணமலை கிளினிக்குக்கு வரும் 80 வயது அம்மா, எடை 45 கிலோ, இரத்தத்தில் கிரியேற்றினின் (தசையில் உருவாகி சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு) டெசிலீற்றருக்கு 1.0 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரிப்போர்ட்டில் 'நோமல்' என்றே இருக்கும், நம்பிவிடாதீர்கள். தசை வற்றிய உடம்பில் கிரியேற்றினினே குறைவாகத்தான் உருவாகும், அதனால் பழுது வெளியே தெரியாது.

சிறுநீரகம் நிமிடத்துக்கு எவ்வளவு இரத்தத்தைச் சுத்திகரிக்கிறது என்று மதிப்பிடும் கொக்றொஃப்ட்–கோல்ட் கணக்கைப் போடுங்கள். 140இலிருந்து வயதைக் கழித்து எடையால் பெருக்கி, கிரியேற்றினினின் 72 மடங்கால் வகுங்கள், பெண்ணென்றால் 0.85ஆல் பெருக்குங்கள். இந்த அம்மாவுக்கு நிமிடத்துக்கு 32 மில்லிலீற்றர்தான்! ரிப்போர்ட்டில் கிரியேற்றினின் லீற்றருக்கு மைக்ரோமோலில் வந்தால் முதலில் அதை 88.4ஆல் வகுங்கள். எடையை ஊகிக்காதீர்கள், தராசில் ஏற்றுங்கள்.

இந்தக் கணக்கு 30–45க்குள் வந்தால், நீரிழிவு மருந்தான மெற்போமின் நாளுக்கு 1000 மி.கி.க்கு மேல் வேண்டாம். 30க்குக் கீழே நிறுத்துங்கள். நரம்பு நோவுக்கான கபாபென்ரினைக் குறைக்காவிட்டால் தூக்கமயக்கம், தடுமாறி விழுதல்.

சிறுநீரகத்தைத் திடீரெனப் பழுதாக்கக்கூடிய, மிகவும் பயப்பட வேண்டிய கூட்டு: லோசாட்டன் (இரத்த அழுத்த மருந்து), புரூசமைட் (சிறுநீர் போக்கும் மருந்து), இவற்றோடு முழங்கால் நோவுக்குப் பார்மசியில் வாங்கிய டைக்குளோபெனாக். "வேற என்ன குளிசை எடுக்கிறீங்க அம்மா?" என்று கேட்டு, மருந்துப் பையையும் திறந்து பாருங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் நீரிழப்பும் சேர்ந்துவிடும். வாந்தி, வயிற்றோட்டம் வந்தால் மெற்போமின், லோசாட்டன், புரூசமைட் மூன்றையும் நிறுத்திவிட்டு உடனே வரவேண்டும். வழமைபோலச் சாப்பிட்டு, தண்ணீர் குடித்து 24–48 மணித்தியாலத்தின் பின்பே திரும்பத் தொடங்கலாம். இதைக் கிளினிக் கொப்பியில் தமிழில், பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள். லோசாட்டன் தொடங்கி 1–2 கிழமையில் கிரியேற்றினினையும் பொட்டாசியத்தையும் மறுபடி பாருங்கள்.